சிரித்ததும் போதும், சீட்டு எழுதியதும் போதும்!



இரண்டு வாரத்துக்கு முன் நம் மகளிர் பகுதியில் ஒரு துணுக்கு வந்திருந்தது. நள்ளிரவில் தள்ளாடிக்கொண்டு வருகிறார் கணவர். வாசலில் பூரிக்கட்டையோடு நிற்கிறார் மனைவி. படித்தேன், வாய்விட்டுச் சிரித்தேன். அதற்குள் அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது. அதைத் துடைக்கும்போதுதான் மனசில் உறைத்தது... இதே மாதிரி துணுக்குகளை நானே நாற்பதுக்கு மேல் எழுதிப் போட்டிருக்கிறேனே! அத்தனையிலும் தள்ளாடி வந்தவர் என்னைப் பெற்ற அப்பா.

அதே வாரம் இன்னொன்றும் நடந்தது. பக்கத்து வீட்டுப் பெண் காலையிலேயே செல்போனும் கையுமாக வந்து நின்றாள். என்னைவிட இருபது வயசு சின்னவள், ஆனாலும் அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

"அக்கா, நீங்கதான் பத்திரிகைக்கெல்லாம் எழுதுறவங்களாச்சே... அவரு கம்பெனிக்கு லீவு சொல்லி வாட்ஸ்அப்ல என்ன போடலாம்? போன மாசந்தான் டைபாய்டுன்னு போட்டேன். இப்ப டெங்குன்னு போடவா?"

அவள் கணவர் உள்ளே எந்தக் காய்ச்சலில் கிடக்கிறார் என்று தெருவுக்கே தெரியும். "நான் எழுதித் தர மாட்டேம்மா" என்று சொல்லிவிட்டேன். முகம் சுண்டிப்போய்த் திரும்பியவள் இன்றுவரை என்னோடு பேசவில்லை. நான் செய்தது சரியா, தப்பா? நீங்கள்தான் சொல்ல வேண்டும், தோழிகளே. அதற்கு முன் என் கதையைக் கொஞ்சம் கேளுங்கள்.

எங்கள் ஊர் திண்டுக்கல். பூட்டுக்குப் பேர்போன ஊர். 2019-ல் புவிசார் குறியீடுகூட வாங்கிய பூட்டு. அப்பா ஒரு பூட்டுப் பட்டறையில் வேலை பார்த்தார். மாங்காய்ப் பூட்டு செய்வதில் கெட்டிக்காரர். அம்மா பூ கட்டி விற்றுச் சேர்த்த சிறுவாட்டுக் காசை டிரங்குப் பெட்டியில் வைத்து, அப்பா செய்த பூட்டையே போட்டுப் பூட்டுவாள். சாவி இடுப்பில். ஆனாலும் காசு காணாமல் போகும். அப்பாவுக்குச் சாவி எதற்கு? ஒரு பழைய குடைக்கம்பி போதும்.

"திண்டுக்கல் பூட்டுன்னு ஊரெல்லாம் பெருமை பேசுறாங்க. இப்படித் திறந்துபோட்டு நிக்குதே!" என்று அம்மா அழுவாள்.

"மத்த பூட்டா இருந்தா கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள தொறந்திருப்பேன். நம்ம பூட்டுங்கிறதாலதான் அரை நிமிஷம் ஆச்சு" என்பார் அப்பா, தொழில் கௌரவத்தோடு.

இப்படிப் பேசுகிறவரிடம் எப்படிக் கோபப்படுவது? நானும் தம்பியும் சிரித்துவிடுவோம். சிரிக்காதவள் அம்மா ஒருத்திதான்.

1981-ல் தமிழ்நாட்டில் கள்ளுக்கடை, சாராயக்கடை திறந்தபோது நான் ஐந்தாம் வகுப்பு. அதற்கு முன்பே அப்பா மறைவாகக் குடித்திருப்பாரோ என்னவோ, கடை வந்தபிறகு மறைவு போய்விட்டது. அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் போட வரும். அதனால் அப்பா எழுந்திருக்காத காலைகளில், பட்டறை முதலாளிக்குச் சீட்டு எழுதுவது என் வேலை ஆனது. 'என் தந்தைக்கு நேற்று இரவு முதல் வயிற்றுப்போக்கு. ஆகவே இன்று வேலைக்கு வர இயலாது' என்று எழுதி, பள்ளிக்கூடம் போகிற வழியில் கொடுத்துவிட்டுப் போவேன். ஊரில் எல்லோரும் கவிதை எழுதித்தான் எழுத்தாளர் ஆனார்கள். நான் வயிற்றுப்போக்கு எழுதி ஆனேன்!

எத்தனை நாளைக்கு ஒரே வியாதியை எழுதுவது? கற்பனையை விரித்தேன். அப்பாவின் அம்மா, எங்கள் அப்பத்தா, எங்களோடுதான் இருந்தார். அவரை நான்கு முறை சாகடித்தேன். ஐந்தாவது முறை எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து முறத்தில் பருப்புப் புடைத்துக்கொண்டிருந்த அப்பத்தா கேட்டார்.

"ஏத்தா, இந்தத் தடவை நான் எப்படிச் செத்தேன்?"

"மாரடைப்பு, அப்பத்தா."

"அதுவே இருக்கட்டும். போன தடவை பேதியில சாகடிச்சுட்ட. பாக்குறவுக என்ன நெனப்பாக?"

இதையும் பின்னாளில் துணுக்காக்கி அனுப்பினேன், வந்தது. ஆனால் அந்தத் துணுக்கில் நான் எழுதாத முடிவு ஒன்று உண்டு. 1992-ல் அப்பத்தா நிஜமாகவே இறந்துபோனார். சாமான் வாங்கக் கையில் காசில்லை. தம்பி பட்டறைக்கு ஓடினான். முதலாளி சிரித்துவிட்டு, "உங்க அப்பத்தா இன்னும் எத்தனை தடவைடா சாகும்?" என்று திருப்பி அனுப்பிவிட்டார். அவர்மேல் எந்தத் தப்பும் இல்லை. அவரை அப்படி நம்பாமல் ஆக்கியது என் எழுத்து. கடைசியில் அம்மாவே எழவு வீட்டிலிருந்து எழுந்துபோய் அவர் வாசலில் நின்று, "மொதலாளி, இது நெசம்" என்று சொல்ல வேண்டியதாயிற்று. அப்பா எங்கே என்று கேட்கிறீர்களா? தன் தாய் செத்த துக்கம் தாங்காமல் கடையில் இருந்தார்.

என் முதல் துணுக்குக் கதையையும் சொல்லிவிடுகிறேன். அது 1990. தையல் கிளாஸ் போய்க்கொண்டிருந்தேன். ஒரு வாரப் பத்திரிகையில் என் குடிகாரக் கணவர் ஜோக் வந்து, 25 ரூபாய் மணியார்டர் வந்தது. நான் வீட்டில் இல்லை. தெரிந்த தபால்காரர் ஆயிற்றே, அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். ராத்திரி அப்பா வரும்போதே தெரிந்தது, என் 25 ரூபாய் எங்கே போயிற்று என்று.

"பாப்பா, என்னை வெச்சுத்தானே எழுதுன? கதாநாயகனுக்குச் சம்பளம் வேணாமா?"

தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன். மறுநாள் அம்மா, "அப்படி என்னதான்டி எழுதியிருக்க, படி" என்றாள். படித்துக் காட்டினேன். புருஷன் தள்ளாடி வருகிறான், பொண்டாட்டி பூரிக்கட்டையால் மண்டையில் போடுகிறாள். அம்மா கேட்டுக்கொண்டே பூ கட்டினாள். முடித்ததும் நாரை அறுத்துவிட்டுக் கேட்டாள்:

"இதுல பொண்டாட்டி அடிக்கிறா. நம்ம வீட்டுல அடி வாங்குறது யாருடி?"

தோழிகளே, அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. ஜோக்கில் பூரிக்கட்டை மனைவி கையில் இருக்கிறது. வீட்டில் அது யார் கையில் இருக்கும் என்று நமக்கெல்லாம் தெரியும். அம்மாவின் இடது புருவத்துக்கு மேல் ஒரு தழும்பு உண்டு. யார் கேட்டாலும் 'கதவு இடிச்சிருச்சு' என்பாள். நான் முதலாளிக்கு எழுதிய சீட்டும், பத்திரிகைக்கு எழுதிய ஜோக்கும், அம்மா சொன்ன கதவும் ஒரே வேலையைத்தான் செய்தன. மூன்றும் அப்பாவின் குடியை மூடி வைத்தன. பூட்டுக்காரர் வீடல்லவா, எல்லோர் வாய்க்கும் ஒரு பூட்டு!

அப்படியானால் சிரிப்பதே தப்பா? நான் அப்படிச் சொல்லமாட்டேன். சிரித்திருக்காவிட்டால் நானும் தம்பியும் அந்த வீட்டில் பைத்தியமாகியிருப்போம். பெர்னாட் ஷாவின் அப்பாவும் குடிகாரர்தான். சின்னப் பிள்ளையில் அதைக் கண்டுபிடித்த அதிர்ச்சியையும், அவர்கள் வீட்டில் அதைச் சிரிப்பாக்கியே சமாளித்ததையும் அவரே எழுதி வைத்திருக்கிறார். ஆனால் ஷா தன் வாழ்நாளில் மதுவைத் தொடவே இல்லை. சிரித்தாலும் உள்ளே அந்தக் காயம் இருந்திருக்கிறது.

நம் கல்கியை எடுத்துக்கொள்ளுங்கள். நகைச்சுவைக்கு அவரை மிஞ்ச ஆள் உண்டா? அவர் திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்தில் இருந்தபோது, 1929, 30-ஆம் ஆண்டுகளில் ராஜாஜியோடு சேர்ந்து 'விமோசனம்' என்று ஒரு பத்திரிகை நடத்தினார். மதுவிலக்குக்காக மட்டுமே நடந்த பத்திரிகை. பத்து இதழ்கள்தான் வந்தன. கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனும் 1949-ல் 'நல்லதம்பி' படத்தில் சிரிக்கச் சிரிக்க மதுவிலக்குப் பிரசாரம் செய்தார். இவர்கள் எல்லாம் சிரிப்பை வைத்துக் குடியைக் காட்டிக்கொடுத்தார்கள். நானோ சிரிப்பை வைத்து மறைத்தேன். வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

"கடையை மூடிட்டா எல்லாம் சரியாயிடும்" என்று சிலர் சொல்வீர்கள். எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் நம் மாநிலம் பார்க்காத திறப்பா, மூடலா? 1937-ல் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு வந்தது, 1948-ல் மாகாணம் முழுக்க வந்தது, 1971-ல் நீக்கினார்கள். மறுபடி கொண்டுவந்து, 1981-ல் மறுபடி நீக்கினார்கள். 1987-ல் சாராயத்தை நிறுத்தினார்கள், 1990-ல் மலிவு விலை மது வந்தது, 1991-ல் போனது. 2003-லிருந்து டாஸ்மாக் நிறுவனமே கடை நடத்துகிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. கடைக்காகப் போராட வேண்டியதுதான், பெண்கள் போராடியும் வருகிறோம். ஆனால் கடை மூடுகிற நாள்வரை வீட்டுக்குள் இருக்கிற நோயாளியை என்ன செய்வது?

நோயாளி என்று நான் எழுதுவதைப் பார்த்துச் சிலருக்குக் கோபம் வரலாம். எனக்கும் வந்தது. "திமிரு எடுத்துக் குடிக்கிறாரு, அது நோயா?" என்றுதான் நானும் கேட்டேன். ஏனென்றால் அப்பாவால் நிறுத்த முடிந்ததே! தைப்பூசத்துக்குப் பழனிக்கு மாலை போடுவார். 48 நாள் தொடமாட்டார். காலையில் குளித்து, நெற்றி நிறைய விபூதி. எங்களுக்கு அந்த 48 நாளும் தீபாவளி. பாதயாத்திரை போய் மலையேறி மாலையைக் கழற்றுவார். பழனியிலிருந்து திண்டுக்கல் அறுபது கிலோமீட்டர்தான். வீடு வந்து சேர இரண்டு நாளாகும். "முருகா, வருஷம் பூராவும் தை மாசமா இருக்கக்கூடாதா?" என்று அம்மா கேட்பாள்.

அம்மா செய்யாத வைத்தியம் இல்லை. கோயிலில் கயிறு கட்டினாள். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒருவர் கொடுத்த பொடியை, 'குடிக்கிறவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடு' என்றாராம், ரசத்தில் கலந்தாள். அன்றைக்குப் பார்த்து அப்பா வீட்டுக்கே வரவில்லை. விருந்தாளியாக வந்த மாமா மூன்று கரண்டி வாங்கிக் குடித்துவிட்டு, "தங்கச்சி ரசத்துக்கு ஈடே இல்ல" என்று பாராட்டினார். அடுத்த வாரம் அப்பா சாப்பிட்டார், சாப்பிட்டுவிட்டுக் குடித்தார். முகமெல்லாம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தியெடுத்து மயங்கி விழுந்தார். பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பிழைத்தது மறுபிறவி. அந்தப் பொடியில் என்ன இருந்தது என்று இன்றுவரை தெரியாது. குடியை வெறுக்க வைக்கும் மாத்திரைகள் உண்டு என்றும், அதைப் போட்டுக்கொண்டு குடித்தால் ரத்த அழுத்தம் விழுந்து உயிரே போகலாம் என்றும், அதனால் நோயாளிக்குத் தெரிந்து, அவர் சம்மதத்தோடு, டாக்டர் பார்வையில்தான் கொடுக்க வேண்டும் என்றும் அப்புறம்தான் தெரிந்தது. தோழிகளே, தெரியாமல் கலந்து கொடுக்கும் பொடியை மட்டும் தயவுசெய்து வாங்காதீர்கள்.

அப்பத்தா காரியம் முடிந்த பதினாறாம் நாள் அம்மா என்னைக் கூப்பிட்டுச் சொன்னாள்: "இனிமே சீட்டு எழுதாதடி. நானும் கதவு இடிச்சதுன்னு சொல்லமாட்டேன்."

அவ்வளவுதான். சண்டை போடவில்லை, சாபம் விடவில்லை. அடுத்த முறை அப்பா எழுந்திருக்காத அன்று முதலாளிக்குச் சீட்டு போகவில்லை. மூன்றாம் நாள் அவரே ஆள் அனுப்பிக் கேட்டார். "குடிச்சுட்டுப் படுத்திருக்காரு" என்று அம்மா வாசலில் நின்று, நாலு பேர் காதில் விழச் சொன்னாள். அப்பா உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். அன்று அவர் ஜோக் எதுவும் அடிக்கவில்லை.

"வைத்தியம் பார்த்துக்கிட்டு வரட்டும், வேலை இருக்கும்" என்று முதலாளி சொல்லி அனுப்பினார். மதுரைக்குக் கூட்டிப்போனோம். நாங்களாக இரண்டு நாள் குடியை நிறுத்திவைத்துக் கூட்டிப்போனதைக் கேட்டு டாக்டர் திட்டினார். வருஷக்கணக்கில் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் கைநடுக்கம் மட்டுமல்ல, வலிப்பும் பிதற்றலும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாமாம். முதல் சில நாள் மருந்தோடுதான் நிறுத்த வேண்டுமாம். "48 நாள் நிறுத்தினாரே டாக்டர்?" என்று கேட்டேன். "நிறுத்துறது பெரிசில்லம்மா, நிறுத்தினபடியே இருக்கிறதுதான் வைத்தியம்" என்றார். அப்புறம் அம்மாவையும் என்னையும் உட்கார வைத்து, நாங்கள் மறைத்ததெல்லாம் எப்படி அவர் குடிக்கத் துணைபோனது என்று பொறுமையாகச் சொன்னார். சீட்டு எழுதிய கை, எனக்குக் கூசியது.

குடி என்பது வீட்டில் எல்லோரையும் பிடிக்கும் நோய் என்பதைப் பட்டு உணர்ந்த ஒரு பெண்மணியைப் பற்றிப் பிறகு படித்தேன். சென்னை சாந்தி ரங்கநாதன். டி.டி.கே. என்ற பெரிய தொழில் குடும்பத்து மருமகள். கணவர் டி.டி.ரங்கநாதன் குடிநோயால் 1979-ல் இளம் வயதிலேயே இறந்தார். எத்தனை பெரிய வீடு! 'நெஞ்சுவலி' என்று சொல்லி மூடியிருந்தால் யார் கேட்கப்போகிறார்கள்? ஆனால் அவர் மறைக்கவில்லை. அடுத்த ஆண்டே, 1980-ல், கணவர் பெயரிலேயே குடிநோய் சிகிச்சை அமைப்பைத் தொடங்கினார். குடிப்பவருக்கு மட்டுமல்ல, மனைவி மக்களுக்கும் அங்கே ஆலோசனை உண்டு. 1992-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அமெரிக்காவில் 1935-ல் இரண்டு குடிநோயாளிகள் ஒருவருக்கொருவர் பேசித் தொடங்கியதுதான் 'ஏ.ஏ.' அமைப்பு. அதில் ஒருவரின் மனைவியான லோயிஸ், 1951-ல் வீட்டாருக்கென்று 'அல்-அனான்' என்ற அமைப்பைத் தொடங்கிவைத்தார். பணக்கார வீட்டிலும் வெள்ளைக்காரர் வீட்டிலும்கூட நம் கதைதான்!

அப்பா ஒரே முறையில் திருந்திவிடவில்லை. இரண்டு தடவை வழுக்கி விழுந்தார். மூன்றாவது தடவை எழுந்தவர் 1995-லிருந்து தொடவில்லை. ஈரல் முன்பே கெட்டுப்போயிருந்தது. 2007-ல் போய்ச் சேர்ந்தார். நடுவில் அந்தப் பன்னிரண்டு வருஷம் எங்களுக்கு ஒரு அப்பா இருந்தார். அம்மாவுக்கென்று தானே ஒரு பூட்டு செய்து, இரண்டு சாவியையும் அவள் கையில் கொடுத்து, "எங்கிட்ட சாவி இல்ல தாயி" என்றார். "குடைக்கம்பி இருக்குல்ல?" என்றாள் அம்மா. இரண்டு பேரும் சிரித்தார்கள். அம்மா அந்த விஷயத்தில் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

எல்லா வீட்டிலும் இப்படி முடியும் என்று நான் சொல்லவில்லை. சீட்டு எழுதாவிட்டால் வேலை போகலாம், அடுப்பு எரியாமல் போகலாம். அடி, உதை என்றால் முதலில் உங்களையும் பிள்ளைகளையும் காப்பாற்றிக்கொள்ளுங்கள். 181 என்ற பெண்கள் உதவி எண் இருக்கிறது. ஆனால் மறைத்து மறைத்துத் தப்பித்த வீட்டை நான் பார்த்ததில்லை. அரசு ஆஸ்பத்திரிகளின் மனநலப் பிரிவில் குடிநோய்க்கு வைத்தியம் உண்டு. 14446 என்ற இலவச எண்ணில் போதை மறப்புக்கு வழி சொல்கிறார்கள். 14416 மனநல ஆலோசனைக்கு. இந்த மூன்று எண்களையும் காலண்டர் பின்னால் எழுதி வையுங்கள்.

பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்திருக்கிறேன். இந்த முறை பொய்ச் சீட்டு இல்லை. இன்னும் கொடுக்க வழியில்லை. என்னைப் பார்த்தாலே கதவைச் சாத்திக்கொள்கிறாள். எண்பதைத் தொடப்போகிற அம்மா சொல்கிறாள்: "நானும் அப்படித்தான் சாத்தினேன். நீ தினம் கோலம் போடப் போறப்ப ஒரு வார்த்தை பேசு. ஒருநாள் தொறப்பா."

பேசிக்கொண்டுதான் இருக்கிறேன், தோழிகளே.

இந்தக் கடிதத்தின் அடியில் 'பெயர் வெளியிட வேண்டாம்' என்று முதலில் எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன். கீழே இருக்கிற பேரைச் சொன்னால் எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

– பூட்டுக்காரர் மகள், திண்டுக்கல்.